ஏழு நிமிடம் போதுமா?

அணு ஆயுத ஆபத்து, புதிய போர்க் கருவிகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

இனி அணு ஆயுதத்தை ஏவும் முடிவை ஏஐ எடுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி மாணவி, திருச்சி*

ஏவச் சொல்லும் கட்டளையை மனிதர்தான் தருவார் என்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் 2022-இல் அறிவித்தன. 2024 நவம்பரில் பெருவின் லிமா நகரில் சந்தித்தபோது பைடனும் ஷி ஜின்பிங்கும் அதையே ஒப்புக்கொண்டார்கள். ஆபத்து இருப்பது கட்டளைக்கு முந்தைய படிகளில்.

அமெரிக்க முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவுகணை கிளம்பும்போது எழும் தீயின் வெப்பத்தை அகச்சிவப்புச் செயற்கைக்கோள் முதலில் பார்க்கிறது. சில நிமிடம் கழித்து, வரும் பொருளைத் தரை ரேடார் பார்க்கிறது. வெப்பமும் ரேடியோ எதிரொலியும் வேறு வேறு வழிகள். இரண்டும் ஒன்றையே சொன்னால்தான் எச்சரிக்கைக்கு மதிப்பு. பிறகு தளபதிகள் தொலைபேசியில் கூடிப் பேசுகிறார்கள், அதிபரை எழுப்புகிறார்கள், அவர் தன் சட்டைப்பையில் உள்ள அட்டையின் குறியீட்டைச் சொல்லித் தான் யாரென்று நிரூபிக்கிறார். ரஷ்யாவிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து சேர 30 நிமிடம் ஆகும். இந்தப் படிகளுக்கான நேரத்தைக் கழித்துவிட்டால் அதிபருக்கு யோசிக்க மிஞ்சுவது 10 நிமிடத்துக்கும் குறைவு. கடலடியில் பக்கத்தில் நிற்கும் நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் அதுவும் மிஞ்சாது.

'நேரம் குறைவு, ஆகவே பரிசீலனையை இயந்திரத்திடம் கொடுப்போம்' என்ற யோசனை இங்கேதான் நுழைகிறது. அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, பயிற்சித் தரவு. அணு ஏவுகணைத் தாக்குதல் எப்படி இருக்கும் என்பதற்கு உலகில் ஓர் உண்மைப் பதிவுகூடக் கிடையாது. மனிதர்கள் ஊகித்துச் செய்த ஒத்திகைகளை வைத்துத்தான் இயந்திரம் கற்கும். இரண்டு, கணக்கு. ஒரு கருவி நாளுக்கு 1000 வெப்பக் குறிகளைச் சோதிக்கிறது, 99.9 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரும். உண்மைத் தாக்குதலோ இன்றுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. ஆகவே வருகிற எச்சரிக்கை ஒவ்வொன்றும் பொய்யாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

1980 ஜூன் 3 அன்று அமெரிக்க வான்பாதுகாப்பு மையத்திலிருந்து போன செய்திகளில், வரும் ஏவுகணைகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. பி-52 விமானிகள் என்ஜினை இயக்கித் தயாரானார்கள். காரணம், 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப். தொடர்புக் கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க, உண்மைத் தாக்குதல் செய்தியின் அதே வடிவத்தில், எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் சுழியம் போட்டு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிப் கெட்டதும் சுழியங்கள் இருந்த இடத்தில் 2 வந்து உட்கார்ந்தது. காப்பாற்றியது எது? செயற்கைக்கோள், ரேடார் நிலையங்களையே நேராகக் கேட்டார்கள், அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோதனைச் செய்தியின் வடிவத்தை மாற்றினார்கள், பிழை சோதிக்கும் முறையைச் சேர்த்தார்கள். மூலக்கருவியை நேராகக் கேட்கும் இந்தப் படியை 'சுருக்கித் தருகிறேன்' என்று ஒரு மென்பொருள் விழுங்கிவிடக் கூடாது.

'மனிதர் நடுவில் இருந்தால் போதும்' என்பதும் அரைப் பாதுகாப்புதான். 2003-இல் இராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு, திரும்பி வந்துகொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை ரேடாரைத் தாக்கும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. விமானத்தின் நட்பு அடையாளக் கருவியும் வேலை செய்யவில்லை. திரையை நம்பிக் குழுவினர் சுட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். சில நாளில் ஓர் அமெரிக்கப் போர்விமானத்தையும் அதே அமைப்பு வீழ்த்தியது. அங்கேயும் மனிதர் நடுவில் இருந்தார். சந்தேகப்பட அவருக்கு நேரமும் இல்லை, வேறு தகவலும் இல்லை.

2022-இல் நம் பிரமோஸ் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்ததே, அது எப்படி நடந்தது? அணு ஆயுதத்துக்கும் அப்படி நடக்குமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லை*

2022 மார்ச் 9 மாலை. பாகிஸ்தான் சொன்ன கணக்குப்படி ஏவுகணை பறந்தது மொத்தம் 7 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லைக்குள் 124 கி.மீ. போய், பஞ்சாப் மாகாணத்தின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இரண்டு நாள் கழித்து இந்தியா வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் நீக்கப்பட்டார்கள்.

பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் விமானப்படை தந்த விளக்கம் எளிமையானது, அதனாலேயே கவலை தருவது. ஏவுவண்டியில் இருந்த ஏவுகணைகளின் போர்க்கால கனெக்டர்கள் ஜங்ஷன் பாக்ஸில் மாட்டியபடியே இருந்தன. அது தெரிந்திருந்தும் வண்டியின் தளபதி ஏவும் செயலில் இறங்கியதைக் குழுவினர் தடுக்கவில்லை. எழுதிவைத்த நடைமுறை இருந்தது. அதை மீறினால் தானாகவே தடுத்து நிறுத்தும் பூட்டு வேலை செய்யவில்லை, அல்லது இல்லை. இப்படிப்பட்ட ஆயுதத்தில் பாதுகாப்பு காகிதத்தில் இருந்தால் போதாது, கம்பியில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அணு ஆயுதத்துக்கு இந்தியாவில் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2003 ஜனவரியில் அறிவித்த கொள்கைப்படி, பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. ஆகவே நம்முடைய அணுகுண்டு தவறிப்போவதைவிட எனக்குப் பெரிய கவலை, தவறிப்போன சாதாரண ஏவுகணையை எதிர்த்தரப்பு அணு ஏவுகணை என்று படிப்பது. பறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ரேடாருக்குத் தெரியாது. 2022-இல் பதற்றம் இல்லாத ஒரு மாலையாக இருந்ததால் பாகிஸ்தான் காத்திருந்தது. 2025 மே மாதம் போல இரு பக்கமும் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்துகொண்டிருந்த இரவில் அதே தவறு நடந்திருந்தால்?

சரிசெய்யக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2005-இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி, ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது 3 நாள் முன்பு அறிவிக்க வேண்டும். ஆனால் அது மேலே ஏறி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். நம் பிரமோஸ், பாகிஸ்தானின் பாபர் போன்று விமானம்போலப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்து, 'தவறி ஏவிவிட்டோம்' என்று அந்த நிமிடமே ஹாட்லைனில் சொல்லும் கடமையையும் எழுதிவிட வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

ஹைப்பர்சானிக் ஏவுகணையைத் தடுக்கவே முடியாதாமே, அவ்வளவு வேகமா?
*வாசகர், கோவை*

வேகம் புதிதல்ல. பழைய கண்டம் தாண்டும் ஏவுகணைகள் நொடிக்கு 7 கி.மீ. வேகத்தில் வருகின்றன. ஹைப்பர்சானிக் வகையில், காற்றில் சறுக்கிக்கொண்டே வரும் சறுக்கு ஏவுகணைகள் பலவும் அந்த வேகத்தில் அவற்றுக்குப் பின்னால்தான். புதியது பாதை. பழையது ஆயிரம் கி.மீ. உயரத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும், அதனால் ரேடார் தொலைவிலேயே பார்த்துவிடும். சறுக்கு ஏவுகணை 40 கி.மீ. உயரத்தில் வருகிறது என்று வைத்தால், பூமியின் வளைவு மறைப்பதால் தரை ரேடார் அதைச் சுமார் 800 கி.மீ. தூரத்தில்தான் பார்க்கும். நொடிக்கு 2 கி.மீ. வேகமென்றால் மிச்சம் 400 நொடி, அதாவது 7 நிமிடத்துக்கும் குறைவு. வழியில் திரும்பவும் செய்வதால், குறி தலைநகரமா, கடற்படைத் தளமா, அணு ஆயுதக் கிடங்கா என்று கடைசிவரை சொல்ல முடியாது. தடுக்க முடியுமா என்பதைவிட, எங்கே போகிறது என்று தெரியாமல் பயத்தில் பதிலடி கொடுத்துவிடுவார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அமெரிக்க-ரஷ்ய அணு ஆயுத ஒப்பந்தம் முடிந்துவிட்டதே, நமக்கென்ன?
*வாசகர், சேலம்*

'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் ஒவ்வொரு பக்கத்துக்கும் களத்தில் நிறுத்தும் குண்டுகளை 1550 என்று வரம்பிட்டது. 2021-இல் நீட்டித்தபோது கிடைத்த ஆயுள் 2026 பிப்ரவரி வரைதான், இன்னொரு நீட்டிப்புக்கு அதில் இடமில்லை. எண்ணிக்கையைவிடப் பெரிய இழப்பு பார்வை. 328 முறை நேரில் போய்ச் சோதித்தார்கள், 25,000-க்கு மேற்பட்ட அறிவிப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள். பார்ப்பது நின்றபின் ஒவ்வொருவரும் எதிரியின் கையிருப்பைக் கூட்டியே ஊகிப்பார்கள். அவர்கள் கூட்டினால் சீனா கூட்டும், சீனாவைப் பார்த்து இந்தியா, இந்தியாவைப் பார்த்து பாகிஸ்தான். நமக்கு அது வந்து சேரும் வழி இதுதான்.

2025 மே மாதம் பாகிஸ்தானின் கிரானா மலையில் கதிர்வீச்சுக் கசிவு, ரகசிய அணுச் சோதனை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?
*வாசகி, மதுரை*

கிரானா மலையைத் தாக்கவில்லை என்று இந்திய விமானப்படையே சொன்னது. பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது.

பெரிய கசிவை மறைப்பது கடினம். 1986-இல் செர்னோபில் வெடித்ததை உலகம் அறிந்தது சோவியத் அரசு சொல்லி அல்ல. ஆயிரம் கி.மீ.க்கு அப்பால், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணியில் ஒட்டியிருந்த தூசு கருவியை அலறவைத்தது. காற்றில் அயோடின்-131, சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருள்கள் வந்தால், பக்கத்து நாடுகளில் காற்றைச் சோதிக்க வைத்திருக்கும் வடிகட்டிகளில் படிந்துவிடும். ஒரு நாட்டிலும் படியவில்லையென்றால் பெரிய கசிவு என்ற செய்தி பொய்யாகவே இருக்கும்.

நிலநடுக்கத்தை அணுச் சோதனை என்று சொல்லும் செய்தி வந்தால் நில அதிர்வுப் பதிவு காட்டிக்கொடுக்கும். வெடிப்பு எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், அதனால் முதலில் வரும் பி அலை வலுவாகவும் பின்னால் வரும் எஸ் அலை மெலிந்தும் இருக்கும். நிலநடுக்கத்தில் பாறைகள் உரசி நகர்வதால் எஸ் அலை பெரிதாக வரும். ஆழத்தையும் பாருங்கள். நிலத்தடிச் சோதனைகள் பெரும்பாலும் சில நூறு மீட்டர் ஆழத்தில்தான் நடக்கும், பத்துப் பதினைந்து கி.மீ.க்கு யாரும் தோண்டிக் குண்டு வைப்பதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆழம் சரியாகத் தெரியாதபோது ஆய்வு மையங்கள் '10 கி.மீ.' என்று வழக்கமாகப் போட்டுவைக்கும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவுகட்டாதீர்கள்.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். ட்ரோன் வந்து மோதினால் அணுகுண்டு போல வெடிக்குமா?
*குடும்பத் தலைவி, செங்கல்பட்டு மாவட்டம்*

வெடிக்காது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகளில் எரிவது இயற்கை யுரேனியம், கூடங்குளத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகச் செறிவூட்டியது. குண்டுக்கு 90 சதவீதம் அளவில் வேண்டும். பயப்படவேண்டியது குளிர்விப்பு நிற்பதைப் பற்றி. உலையை நிறுத்திய நொடியிலும் முழு இயக்கத்தில் எழும் வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் எரிபொருளில் எழுந்துகொண்டிருக்கும். கூடங்குளம் அளவுள்ள உலையில் அது சுமார் 200 மெகாவாட், ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் 2011-இல் உலைகள் ஒழுங்காக நின்றன. ஆனால் டீசல் ஜெனரேட்டர்கள் சுனாமியில் மூழ்கின, பிறகுதான் எரிபொருள் உருகியது. உக்ரைனின் ஸப்போரிஷியா நிலையமும் போரில் வெளி மின்சாரத்தைப் பலமுறை இழந்து டீசலில்தான் தாக்குப்பிடித்தது.

1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் அணு நிலையத்தை மற்றது தாக்குவதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியல் பரிமாறப்படுகிறது, போர் மூண்ட ஆண்டுகளிலும் அது நின்றதில்லை. அது இரண்டு அரசுகளை மட்டும் கட்டும், ட்ரோனை வேறு யாரும் அனுப்பலாம். 2025 பிப்ரவரி 14 அன்று செர்னோபிலில் வெடித்த உலையை மூடியிருக்கும் இரும்புக் கூரையை வெடிபொருள் சுமந்த ஒரு ட்ரோன் துளைத்தது. கதிர்வீச்சு உயரவில்லை, ஆனால் கூரை கெட்டது. உங்கள் ஊரில் அவசரநிலை ஒத்திகைக்கு அதிகாரிகள் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெளி மின்சாரம் போனால் டீசல் எத்தனை நாளுக்கு இருக்கிறது, ஜெனரேட்டர்கள் ஒரே கட்டடத்திலா தனித்தனியாகவா, பயன்படுத்திய எரிபொருள் குளத்துக்குத் தனியாகத் தண்ணீர் விட வழி இருக்கிறதா.