கிளியை அழித்தவன் நான்தான்

‘பல வருடமாக வருகிற சிறுவர் பத்திரிகைகளில், நமக்கு ரொம்பப் பிடித்த துணைப் பாத்திரங்கள் மட்டும் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நாற்பதைத் தாண்டியவராக இருப்பீர்கள். பரணில் கிடந்த பழைய பூந்தளிர் இதழை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டியிருப்பீர்கள், அவன் ‘இது யாருப்பா?’ என்று கேட்டிருப்பான், உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். எனக்கு வேறு விதமாகச் சுருக்கென்றது. அப்படி ஒரு பாத்திரத்தை அழித்த கை என்னுடையது.

1989-ல் எனக்கு 22 வயது. மும்பை தாராவியில் வீடு, தாதரில் ஒரு மாடியறையில் வேலை. பல மொழிகளில் வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாத இதழின் தமிழ்ப் பதிப்புக்கு லெட்டரிங் செய்பவன் நான். அதாவது படக்கதையில் பேச்சு பலூனுக்குள் வசனம் எழுதுகிறவன். பக்கத்துக்கு 15 ரூபாய். பத்திரிகையின் பெயரைக் கேட்காதீர்கள்.

அதில் ஒரு படக்கதை. ஒரு தாத்தா, ஒரு பேரன், தாத்தா தோளில் ஒரு கிளி. யார் எதைப் பேசினாலும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கிளி ஒரு குத்தல் விடும். வாசகர் கடிதங்களில் பாதி கிளிக்குத்தான் வரும்.

சிக்கல் என்னவென்றால், படம் ஒரே தடவைதான் வரையப்படும். பலூனின் அளவு இந்தி வசனத்துக்குத் தைத்த சட்டை. அங்கே ‘கஹா சலே’ என்று நாலே எழுத்தில் முடிகிறது, இங்கே ‘எங்கே கிளம்பிவிட்டீர்கள்?’ என்று சுவரில் முட்டி நிற்கும். மொழிபெயர்த்துத் தந்தவர் மாட்டுங்காவில் இருந்த ஒரு மாமி. இன்னும் சுருக்கித் தாருங்கள் என்று போய் நின்றால், “தம்பி, இதுக்கு மேல சுருக்கினா தந்தி ஆயிடும்” என்பார். கிளியின் குத்தலோ சொல் விளையாட்டு. தமிழில் பாதி நாள் அது ஒட்டவே ஒட்டாது.

ஒரு மாதம் பக்கங்கள் அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம்தான் இருந்தது. தாத்தாவின் வசனம் பலூனில் அடங்கவில்லை. எனக்கு மேலே இருந்தவர், ‘பலூனைப் பெரிசு பண்ணு, கிளியை மறைத்தால் மறைக்கட்டும்’ என்றார். வெள்ளை போஸ்டர் கலரைத் தொட்டுக் கிளியின் அலகு, கண், சிறகு என்று வரிசையாகப் பூசினேன். காய்ந்ததும் அதன் மேலேயே தாத்தாவின் வசனத்தை எழுதினேன். அடுத்த மாதம் அது பழகிவிட்டது. மூன்றாவது மாதம் யாரும் சொல்லாமலே செய்தேன்.

இதில் ஒரு கூத்து. நாலு நிற அச்சில் நிறத்துக்கு ஒரு ஃபிலிம். நீலம், சிவப்பு, மஞ்சள் ஃபிலிம்கள் எல்லா மொழிக்கும் பொது. கோடும் எழுத்தும் இருக்கிற கறுப்பு ஃபிலிம் மட்டும் மொழிக்கு ஒன்று. நான் அழித்தது கறுப்பில் இருந்த கோடுகளைத்தான். கிளியின் பச்சை அப்படியே வந்து பலூனுக்குள் இறங்கிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து ஒரு பையன் அஞ்சலட்டை போட்டிருந்தான்: “தாத்தா பேசுற இடத்துல எல்லாம் பாசி புடிச்சிருக்கே, ஏன்? கிளி செத்துப் போச்சா?” கிளி ஊருக்குப் போயிருக்கிறது என்று பதில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

சரி, தமிழில் மட்டும் போன கிளி மற்ற மொழிகளிலும் எப்படிப் போனது? வரைந்தவர் அதிகப் பணம் கிடைக்கிற விளம்பர வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் மாதிரித் தாளைக் கொடுத்தார்கள். தாத்தா முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், பேரனும் அப்படியே. கிளி அந்தத் தாளில் இல்லை. அதே சமயம் ஒரு பக்கம் விளம்பரத்துக்குப் போக, ஆறு பக்கக் கதை ஐந்தாகச் சுருங்கியது. பக்கம் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது கதையை நகர்த்தாத பேச்சு. கிளி என்றைக்குக் கதையை நகர்த்தியது? அதனால்தானே நமக்குப் பிடித்தது!

உடனே யாராவது, ‘டிங்கிள் சிறுவர் பத்திரிகையில் சுப்பாண்டி இருக்கிறானே, வேட்டைக்கார சம்பு இருக்கிறாரே’ என்று வருவீர்கள். அவர்கள் பட்டம் சூடியவர்கள் ஐயா. 1983-ல் வந்த சுப்பாண்டி திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதையிலிருந்து பிறந்தவன். வரைந்த ராம் வயீர்கர் 2003-ல் மறைந்த பின் அவர் மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் வரைந்தார். சம்புவை வசந்த் ஹல்பேக்குப் பின் சாவியோ மஸ்கரேனஸ் எடுத்துக்கொண்டார். தலைப்பில் பெயர் இருந்தால் கை மாறினாலும் ஆள் பிழைப்பான். இல்லையென்றால் வில்லனாகவாவது இருக்க வேண்டும். அதே டிங்கிளின் ‘காக்கை காளியா’ கதையில் அந்த நரி சமட்டகா முயலைப் பிடிக்க வராவிட்டால் காக்கைக்கு என்ன வேலை? நரிக்கு வேலை நிரந்தரம்.

அம்புலிமாமாவையும் பாருங்கள். வேதாளக் கதைகள் மூலத்தில் 25தான். பத்திரிகைக்குப் போதாமல் பல வருடம் புதிது புதிதாகக் கட்டினார்கள். ராஜா மரம் ஏறுவார், உடலைத் தோளில் போடுவார், வேதாளம் கதை சொல்லும். ஆனால் பிணத்தைக் கொண்டுவா என்று ராஜாவை அனுப்பிய சாமியார்? மாதக்கணக்கில் சுடுகாட்டில் காத்திருந்தவர். அவர் இல்லாதது யார் கண்ணிலாவது பட்டதா?

எல்லாப் பத்திரிகையிலும் இதே கதைதான் என்று நான் சொல்லவில்லை. ஓவியர்கள் யாராவது படித்தால் அடிக்க வராதீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை, நானே கூலிக்கு எழுதினவன். ஆசிரியர்களையும் முழுக்கத் திட்ட முடியாது. ஒரு பிள்ளை அந்தப் பத்திரிகையைப் படிப்பது ஐந்தாறு வருடம். அப்புறம் மீசை முளைத்துவிடும். புதிதாக வருகிற பிள்ளைக்குக் கிளி என்ற ஒன்று இருந்ததே தெரியாது. தெரியாததை யார் தேடுவார்கள்? நினைவு வைத்திருக்கிற நாமோ சந்தா கட்டுவதில்லை.

படம் போட்டுக் காட்டலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வயிற்றெரிச்சல். அந்த மூன்று வருட இதழ்களையும் சயானில் கொடுத்து காலிக்கோ துணி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தேன். அக்கா கல்யாணம் ஆன புதிதில் அத்தான், “படிச்சிட்டுத் தர்றேன் மாப்ளே” என்று டோம்பிவிலிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று பிள்ளைகள் படித்து, இப்போது பேரப்பிள்ளைகள் கிறுக்குகிற வயசு. கேட்டால், “நான் வாங்கலியே, நீ ரத்திக்காரன்ட்ட போட்டிருப்ப” என்கிறார். என் கையால் எழுதினதை நான் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடுவேனா? ஒரு தீபாவளிக்குப் பரண் ஏறியே பார்த்துவிட்டேன். மேலே இருந்தது மூன்று மிக்ஸி, ஒரு தொட்டில். அக்கா கீழே நின்று, “விடுடா, அவர் அப்படித்தான்” என்றாள். அவள்கூட அவர் பக்கம்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். அங்கே அட்டை போன தமிழ் இதழ் ஏதாவது கிடைத்து, அதில் தாத்தா பேசுகிற பலூனுக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தால், எழுத்துக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள். கீழே இடது ஓரத்தில் வால் நுனியின் கோடு மட்டும் இருக்கும். அதை அழிக்க விட்டுவிட்டேன்.