அரைச் சம்பளம், முழு வேலை

கேள்வி: 2020 ஊரடங்கில் எங்கள் சுயநிதிக் கல்லூரி ஆன்லைன் வகுப்பு முழுக்க எடுக்கவைத்து, பாதிச் சம்பளம்தான் தந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த என் மைத்துனருக்கும் அப்போது சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு. இரண்டும் ஒன்றுதானே? - வாசகி, தக்கலை

பதில்: எப்படி மக்களே ஒன்றாகும்? அரிசோனா போன்ற பல்கலைக்கழகங்கள் அறிவித்த விடுப்பில் சம்பளம் இல்லாத நாளில் வேலையும் கிடையாது. பணியிடம் விடுப்பில் போனவர் பெயரிலேயே இருக்கும். பிரிட்டனிலோ விடுப்பில் இருந்தவர் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள், அரசே முதலில் ஏற்றது. உங்களுக்கோ சம்பளம் மட்டும்தான் குறைந்தது, வேலை குறையவில்லை!

முழு ஊதியம் தரச்சொல்லி மத்திய உள்துறை 2020 மார்ச் 29-இல் உத்தரவிட்டது. தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனங்களுக்கானது அது. மே 18-இல் அதுவும் போயிற்று. தொழிலாளர் நீதிமன்றம் போகலாமென்றால், அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி அல்ல என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தெரு இயற்பியல் வாத்தியார் காலையில் கூகுள் மீட், மதியம் ஏத்தன் வாழைக்குலை ஏற்றும் டெம்போ என்று ஓடினார். நிர்வாகமோ பெற்றோரிடம் முழுக் கட்டணம் கேட்டது. எனக்கு ஆத்திரம் அங்கேதான். நியமனக் கடிதத்தையும் வங்கிக் கணக்குப் பதிவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு வக்கீலைப் பாருங்கள்.