'கமிஷன் 0 சதவீதம்' பூலில் ரிவார்டு ஏன் குறைகிறது?

கேள்வி: என்னிடம் 6,000 ஏடா (கார்டானோ என்ற பிளாக்செயின் சங்கிலியின் கிரிப்டோ நாணயம்) இருக்கிறது. 'கமிஷன் 0 சதவீதம்' என்று போட்டிருந்த ஒரு சின்ன ஸ்டேக் பூலுக்கு (பலரின் ஏடாவைக் கணக்கில் காட்டிச் சங்கிலியை நடத்தும் வேலையைச் செய்யும் இடம்) டெலிகேட் செய்தேன், அதாவது என் ஏடாவை அதன் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை. இப்போது வருகிறது, ஆனால் சில தடவை பூஜ்யம். 2 சதவீதம் பிடிக்கும் பெரிய பூலில் இருக்கும் நண்பருக்கு, இதே 6,000 ஏடாவுக்கு, என்னைவிட அதிகம் கிடைக்கிறது. என்னை ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றவில்லை. கார்டானோவில் ரிவார்டைப் பிரித்துக் கொடுப்பது பூல் நடத்துபவர் அல்ல, அந்தச் சங்கிலியின் மென்பொருளே. (மினா என்ற இன்னொரு சங்கிலியில் அப்படியில்லை. அங்கே பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் தொகுப்பு, தயாரிப்பவர்தான் கணக்குப் போட்டு டெலிகேட் செய்தவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஆளை நம்பித்தான் ஆக வேண்டும்.) உங்கள் ஏடாவும் உங்கள் வேலட்டை விட்டு எங்கும் போகவில்லை. நினைத்த நாளில் விற்கலாம், வேறு பூலுக்கு மாறலாம்.

முதல் இரண்டு வாரம் வராதது இயல்பு. கார்டானோவில் 5 நாள் சேர்ந்தது ஒரு எபோக். டெலிகேட் செய்த எபோக் முடியும்போது உங்கள் இருப்பு குறித்துக்கொள்ளப்படும். அது வேலைக்கு வந்து, கணக்குப் பார்த்து, கையில் சேர 15 முதல் 20 நாள் ஆகும். பூல் மாறினால் இடையில் பழைய பூலின் ரிவார்டு வந்துகொண்டிருக்கும், எதுவும் விட்டுப்போகாது.

இனி கமிஷனுக்கு வருவோம். பூல்காரர் இரண்டு விதமாக எடுக்கிறார். விளம்பரத்தில் வருவது சதவீதம் மட்டும்தான். அதற்கு முன்னால், பிளாக் போட்ட ஒவ்வொரு எபோக்கிலும், ஒரு நிலையான தொகை கழியும். அது குறைந்தது 170 ஏடா. 2023 அக்டோபர் வரை 340 ஆக இருந்தது. சிலர் இன்னும் 340-ஐ மாற்றாமலே வைத்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

உங்கள் பூலுக்கு ஒரு எபோக்கில் 400 ஏடா வந்தது என்று வைத்துக்கொள்வோம். 170 போனால் மிச்சம் 230. சதவீதம் பூஜ்யமாக இருந்தும், வந்ததில் 42 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நண்பரின் பூலுக்கு 10,000 ஏடா வந்தால்? 170 போக 9,830. அதில் 2 சதவீதம் 196.6. மொத்தக் கழிவு 4 சதவீதத்துக்கும் கீழே. 'செய்கூலி இல்லை' என்று பலகை வைத்த நகைக்கடையில் சேதாரத்தைக் கேட்காமல் வாங்கிய கதைதான்.

அப்புறம் அந்தப் பூஜ்யம். அடுத்த பிளாக்கை யார் போடுவது என்பது குலுக்கல் போல முடிவாகிறது. பூலில் எவ்வளவு ஏடா திரண்டிருக்கிறதோ அந்த அளவுக்கு வாய்ப்பு. 20 விநாடிக்கு ஒரு பிளாக் என்றால் எபோக்குக்குச் சுமார் 21,600. இதில் 10 லட்சம் ஏடா உள்ள பூலுக்குச் சராசரியாக ஒன்று கிடைக்கும். சராசரி என்பதால் ஒரு எபோக்கில் இரண்டும் வரும், அடுத்ததில் ஒன்றும் இருக்காது.

அதற்காக ஆகப் பெரிய பூலைத் தேடி ஓடாதீர்கள். 500 பூல்கள் இருந்தால் போதும் என்ற கணக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு, இப்போது சுமார் 7 கோடி ஏடாவுக்கு மேல். அதைத் தாண்டிய பூலில் எத்தனை பேர் சேர்ந்தாலும் மொத்த ரிவார்டு கூடாது, பங்கு மட்டும் மெலியும். என்னைக் கேட்டால், எபோக்குக்குப் பத்துப் பதினைந்து பிளாக்காவது போடும், வரம்புக்கு வெகு கீழே நிற்கும் நடுத்தரப் பூல் நல்லது. பூல்காரர் தன் சொந்தப் பணமாகப் போடுவதாக அறிவித்த 'பிளெட்ஜ்' குறையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் அந்த எபோக்கில் பூலில் இருக்கும் யாருக்கும் ரிவார்டு கிடையாது. சேர்ந்த பிறகும் மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பூல்காரர் சதவீதத்தை 100 ஆகக்கூட உயர்த்த முடியும், பூலையே மூடிவிட்டும் போகலாம். யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, இதை வட்டி என்று நினைக்க வேண்டாம். ரிவார்டின் பெரும்பகுதி, 4,500 கோடி ஏடா என்ற உச்சவரம்பில் இன்னும் வெளிவராத கையிருப்பிலிருந்து வருகிறது. எபோக்குக்கு அதில் 0.3 சதவீதம் எடுத்து, பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்த்து, ஐந்தில் ஒரு பங்கைக் கார்டானோவின் பொதுக் கருவூலத்துக்கு ஒதுக்கியது போகத்தான் பூல்களுக்கு. கையிருப்பு கரையக் கரைய ரிவார்டும் குறையும். ஆரம்ப வருடங்களில் ஆண்டுக்கு 5 சதவீதம் அளவில் இருந்தது இப்போது ஏறக்குறைய பாதி. ஏடாவின் விலை ஒரே நாளில் இதைவிட அதிகம் ஏறும், இறங்கும்.

கேள்வி: பூல் தேடும் வேலையே வேண்டாம், எக்ஸ்சேஞ்சிலேயே 'ஸ்டேக்' பட்டனை அழுத்தினால் போதாதா?

பதில்: அழுத்தலாம். ஆனால் அப்போது ஏடாவை இயக்கும் ரகசியச் சாவி அவர்களிடம். ஏடாவும் கிட்டத்தட்ட அவர்களுடையது, உங்களிடம் இருப்பது அவர்கள் தர வேண்டிய பாக்கி. கிரிப்டோவைக் கொடுத்தால் பெரிய சதவீதம் தருகிறோம் என்ற செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூனில் பணம் எடுப்பதை நிறுத்தியது, அடுத்த மாதமே திவால் மனு. சொந்த வேலட்டில் இருந்து டெலிகேட் செய்ய 2 ஏடா டெபாசிட்டும் சிறு கட்டணமும்தான், டெபாசிட் பிறகு திரும்பக் கிடைக்கும். வரி எந்த வழியிலும் உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோவை விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ரிவார்டு வந்த தேதியையும் அன்றைய விலையையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாகச் சேர்ந்த ரிவார்டு வேலட்டில் தெரிகிறது, எடுக்கப் போனால் மறுக்கிறது. தொலைந்துவிட்டதா?

பதில்: இல்லை. 2025 ஜனவரி 29 அன்று கார்டானோ மென்பொருளில் நடந்த பிளோமின் என்ற மாற்றத்துக்குப் பிறகு, கார்டானோவின் நிர்வாக முடிவுகளில் உங்களுக்கு உள்ள வாக்குரிமையை ஒரு டி-ரெப்பிடம், அதாவது ஒரு பிரதிநிதியிடம், ஒப்படைத்தால்தான் ரிவார்டை எடுக்க முடியும். யாரையும் தெரியாதென்றால் 'அப்ஸ்டெய்ன்' (வாக்களிக்காமல் விலகி நிற்பது) என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் செல்லும். எடுக்காமல் விட்டதால் நஷ்டமும் இல்லை. அந்த ரிவார்டும் இத்தனை நாள் உங்கள் ஸ்டேக்கோடு சேர்ந்துதான் கணக்கில் வந்திருக்கிறது.