பிரக்கிராசியாரும் அப்புக்காத்தும் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் சட்டக் கல்லூரியில் படித்துச் சத்தியப்பிரமாணம் செய்து, நான்கு வருடங்களாகக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சீனியரின் கீழ் வேலை செய்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருட ஆய்வுப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. ஆராய வேண்டியது சட்டத்தை அல்ல, சட்டத்தரணிகளை: யார் இத்தொழிலுக்கு வருகிறார்கள், எவரை நம்பிப் பிழைக்கிறார்கள், யார் விட்டுப் போகிறார்கள் என்று. அப்பாவிடம் சொன்னபோது, "கறுப்புக் கோட்டுப் போடத்தான் படிப்பித்தேன், கோட்டுப் போட்டவர்களை எண்ணுவதற்கு அல்ல" என்றார். வழக்குக் கிடைக்காதவர்களின் வேலை அது என்று சீனியர் சிரித்தார். எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. கூட இருந்து பழகியவர்களை ஆய்வுப்பொருள் ஆக்குவது துரோகம் ஆகாதா?

வி., வெள்ளவத்தை

அன்புள்ள வி. அவர்களுக்கு,

உங்கள் அப்பாவின் வாக்கியத்தை இரண்டு தடவை வாசித்துச் சிரித்தேன். ஆனால் எண்ணுவது அவர் நினைப்பது போல் இலேசான காரியம் அல்ல.

கொட்டாஞ்சேனையில் என் அம்மாவுக்கு வந்த ஒரு துண்டுக் காணியின் பாகப்பிரிவினை வழக்குக்காக, பல வருடங்கள் நான் அவரைப் புதுக்கடைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு தவணையிலும் நடப்பது ஒன்றுதான். விறாந்தை வாங்கில் எங்களுடன் உட்கார்ந்திருக்கும் சட்டத்தரணி, நாடா கட்டிய கோவையுடன் எழுந்து போய், அப்போதுதான் வேறொரு நீதிமன்றத்திலிருந்து விரைந்து வரும் மற்றச் சட்டத்தரணியின் காதில் ஏதோ சொல்லுவார். வந்தவர் கோவையின் கடைசித் தாளில் விரலை வைத்தபடி உள்ளே நுழைந்து, நீதிபதியிடம் இரண்டு வசனம் பேசி, அடுத்த தவணையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வெளியே வந்ததும் அம்மா கைப்பையிலிருந்து இரண்டு கடித உறைகளை எடுப்பார். தடித்தது வாதாடிய அப்புக்காத்துக்கு, மெல்லியது கோவை சுமந்த பிரக்கிராசியாருக்கு. காணியின் உறுதிகளையும், எந்த மாமா பிள்ளையில்லாமல் இறந்தார் என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் மெல்லிய உறைக்காரர்தான்.

சட்டப்படி அன்று அங்கே அப்புக்காத்தும் இல்லை, பிரக்கிராசியும் இல்லை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அந்த இரு பிரிவுகளையும் ஒழித்து, 1974 முதல் எல்லோரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. இருந்தும், கட்சிக்காரர் கொடுக்கும் புரொக்சி என்ற அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கோவையைச் சுமப்பவர் ஒருவரும் எழுந்து வாதாடுபவர் இன்னொருவருமாகத் தொழில் பழைய கோட்டின் வழியே பிரிந்துதான் கிடக்கிறது. அந்தப் பழைய சொற்களை அம்மா விடாமல் வைத்திருந்தது அறியாமையால் அல்ல. சட்டம் அழித்த கோட்டை அவருடைய கைப்பை கண்டிருந்தது. அந்தக் கோடு ஏன் அழியவில்லை, இன்று அதன் எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால், உங்கள் சீனியர் நாலு நல்ல கதைகள் சொல்வார். கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை எல்லாம் பெயர்பெற்றவர்களைப் பற்றியவை. எட்டு மணிக்கே வந்து வாங்கில் இடம்பிடிப்பவரைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை.

எண்ணினால் என்ன தெரியும் என்பதற்குச் சிக்காகோ நல்ல உதாரணம். 1952இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பார் பவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதன் ஆதரவுடன் ஜோன் ஹைன்ஸ் என்ற சட்டப் பேராசிரியரும் எட்வர்ட் லாவ்மன் என்ற சமூகவியலாளரும் 1975இல் அந்த நகரத்துச் சட்டத்தரணிகளில் 777 பேரை எழுமாறாகத் தெரிந்தெடுத்து நேரில் பேட்டி கண்டார்கள். புகழ்பெற்றவர்களைத் தேடிப் போகாமல் எழுமாறாக எடுத்ததில்தான் விஷயம் இருக்கிறது. தொழில் ஒன்றல்ல, இரண்டு அரைக்கோளங்கள் என்று அவர்கள் கண்டார்கள். பெரிய கம்பனிகளுக்கு வேலை செய்பவர்கள் ஒரு பக்கம், தனிமனிதர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் வேலை செய்பவர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டியவர்கள் சொற்பம். எந்தச் சட்டத்தில் ஒருவர் தேர்ந்தவர் என்பதை விட, அவருடைய கட்சிக்காரர் யார் என்பதே அவர் நிற்கும் இடத்தைத் தீர்மானித்தது. படித்த கல்லூரியும் பிறந்த மதமும் இனமும்கூட அந்தப் பிரிவில் தெரிந்தன. 1995இல் புதிதாகத் தெரிந்தெடுத்த 787 பேரிடம் அதே ஆய்வை மறுபடியும் நடத்தியபோது, முன்பு மிகச் சிலராக இருந்த பெண்கள் பெருகியிருந்தார்கள். கம்பனிப் பக்கம் பருத்து, வருமான இடைவெளியும் அகன்றிருந்தது. ஒரே கேள்வியை இருபது வருடங்களின் பின் திரும்பக் கேட்கும் பொறுமை வழக்காடுபவருக்கு வாய்க்காது. தவணைக்கு மேல் அவருக்குக் காலம் கிடையாது.

வழக்குக் கிடைக்காதவர்களின் வேலை என்ற பேச்சுக்கு அதிகம் பதில் தேவையில்லை. 1999 ஜூலையில் இதே கொழும்பில் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வம் சட்டத்தரணியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சாதாரண மக்கள் நியாயம் தேடிப்போன இணக்கசபைகளை ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். அவருக்கு வழக்கில்லை என்று உங்கள் சீனியர் சொல்லமாட்டார்.

துரோகம் என்ற சொல்லைத்தான் நான் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். வில்லியம் பெல்ஸ்டினர், ஒஸ்டின் சராட் என்ற இரு ஆய்வாளர்கள் மசசூசெட்ஸிலும் கலிபோர்னியாவிலும் நாற்பது விவாகரத்து வழக்குகளில், சட்டத்தரணியும் கட்சிக்காரரும் பேசும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டார்கள். சட்டத்தரணிகள் பெரும்பாலும் கட்சிக்காரருக்கு விளக்கியது சட்டத்தை அல்ல. இந்த நீதிபதியின் குணம் இது, அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி இப்படிப்பட்டவர், விதி என்ன சொன்னாலும் நடப்பது வேறு என்பதையே. நம் விறாந்தையில் தினமும் கேட்கும் பேச்சுத்தானே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அதை எழுதிவைத்தவர்கள் வெளியாட்கள். நீங்கள் வெளியாள் அல்ல. நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதைக் காக்கிறது. சீனியரின் கந்தோரில் ஜூனியராக நீங்கள் கேட்டவை ஆய்வுக் குறிப்புகள் ஆகக்கூடாது. ஆய்வுக்கென்று போய், யார் என்று சொல்லி, சம்மதம் கேட்டுப் பெற்றவை வேறு. இந்த இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினால் அது துரோகம். தனித்தனிக் கொப்பியில் எழுதினால், நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தபோது இரு தரப்பிலும் உரத்துப் பேசினார்கள். தமிழில் பரீட்சை எழுதி வந்தவர்கள் பத்து வருடங்களின் பின் எந்த நீதிமன்றத்தில், எந்தக் கட்சிக்காரருக்காக நிற்கிறார்கள் என்ற கணக்கை அந்த விவாதத்தில் ஒருவரும் முன்வைத்ததாக நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொழிலுக்கு வந்தவர்களைப் பத்து வருடங்களுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதைப்போல, உங்களோடு சத்தியப்பிரமாணம் செய்தவர்களின் பட்டியலிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

அம்மாவின் வழக்குக் கோவை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. எந்தத் தவணைக்கு யாருக்கு எவ்வளவு என்று அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு நிரல்கள், மேலே "அப்பு", "பிரக்". புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை வந்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதைத் தருவதற்கான சம்மதத்தை நான் எழுத்தில் தருகிறேன்.