அடைப்பு எங்கே என்று தெரிந்த பிறகு கம்பியை விடுங்கள்

பழைய வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீடு கட்டி ஐம்பது வருஷம் ஆகிறது. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் கீழ்த்தளக் குளியலறையின் தரைத்துளையில் கறுப்புத் தண்ணீர் பொங்குகிறது. மூன்று பாட்டில் ஆசிட் ஊற்றியாயிற்று, பலனில்லை.

பதில்: பலன் இருக்காது. அடைப்பு அந்தத் துளையில் இல்லையே! வீட்டிலேயே தாழ்வான வாய் அதுதான். பிரதான குழாயில் போக வழியில்லாத தண்ணீர் அதன் வழியாக மேலே வருகிறது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால் கிளைக் குழாயில் அடைப்பு. இரண்டு மூன்று இடங்கள் சேர்ந்து மக்கர் செய்தாலோ, ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் கிளம்பினாலோ அடைப்பு பிரதான குழாயில்.

முதலில் வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காமல் நிறுத்துங்கள். சொன்னால் மட்டும் போதாது, மேல்தொட்டி வால்வையே மூடிவிடுங்கள். யாராவது மறந்துபோய் ஃப்ளஷ்ஷை அழுத்துவார்கள். பிறகு வெளியே உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டி) மூடிகளை வீட்டுப் பக்கமிருந்து வரிசையாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசி சேம்பருக்கும், அடுத்துக் காலியாகக் கிடக்கும் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாமே காலி என்றால் வீட்டுக்கும் முதல் சேம்பருக்கும் இடையே. பெரும்பாலும் செங்குத்துக் குழாய் படுக்கையாகத் திரும்பும் அடிப் பெண்டில். எல்லாமே நிரம்பியிருந்தால், கடைசி சேம்பருக்கு அப்பால் தெரு இணைப்பிலோ தெருக் குழாயிலோ கோளாறு. பக்கத்து வீடுகளிலும் இதே பாடு என்றால் தெருக் குழாய்தான். கழிவுநீர்த் துறைக்குச் சொல்லுங்கள், உங்கள் அடைப்பெடுக்கும் கம்பி அங்கே வேலை செய்யாது.

மூடியைத் திறந்ததும் குனிந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். சற்று நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். "நாற்றம் நின்றுவிட்டதே" என்று தோன்றும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

கம்பியைக் காலியான சேம்பரிலிருந்து மேல்பக்கமாக விடுங்கள். நிரம்பிய சேம்பரில் குழாயின் வாய் கண்ணுக்கே தெரியாது. விடுவதற்கு முன், அந்தச் சேம்பரிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு கம்பிவலைத் துண்டைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் உடைத்துவிட்ட அடைப்பு கீழே போய் இன்னோரிடத்தில் உட்காரும். மரை போட்டு இணைக்கும் கம்பிகளை உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுழற்ற வேண்டும். இடப்பக்கம் திருகினால் மரை கழன்று பாதிக் கம்பி குழாய்க்குள் தங்கிவிடும், அப்புறம் தரையைத் தோண்டத்தான் வேண்டும். மூங்கில் பிளாச்சு வேண்டாம். பெண்டில் முறிந்து, அதுவே புது அடைப்பாகிவிடும்.

அடைப்பு விட்டதும் கால்மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, வலையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும். மெழுகுபோல வெள்ளைக் கட்டி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. நார்நாராக வந்தால் மர வேர். மண்ணோ ஓட்டுச்சில்லோ வந்தால் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. அடைப்பு நீங்கியதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: சமையலறை சின்க் அடைத்துக்கொண்டால் கொதிக்கும் தண்ணீர், காஸ்டிக் சோடா, ஆசிட் – எது நல்லது?

பதில்: மூன்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பிசுக்கை உருக்குவது உண்மை. ஆனால் அது சில அடி தள்ளிப் போய், குளிர்ந்து, கை எட்டாத இடத்தில் மறுபடி உறையும். கொதிநீரைத் தொடர்ந்து ஊற்றினால் பிவிசி குழாய் இளகி இணைப்புகள் தளரும்.

காஸ்டிக் சோடா பிசுக்கைச் சோப்பாக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் கொட்டினால் அடியில் பாறைபோல் இறுகிவிடுவதும் உண்டு. கரையும்போது சூடாகிக் கொப்பளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். அலுமினியத்தில் பட்டால் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் கிளம்பும். ஆசிட், பழைய குழாய்களின் சிமென்ட் பூட்டையும் சேம்பர் பூச்சையும் அரிக்கும். ஒன்றுக்குப் பலனில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஆசிட்டும் காஸ்டிக்கும் சேர்ந்தால் மேலே பீய்ச்சும். எதையாவது ஊற்றியிருந்தால் பிளம்பர் கை வைக்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரியான வழி இது. சின்க்குக்கு அடியில் வாளி வைத்து, பாட்டில் ட்ராப்பின் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பல சமயம் அடைப்பு அங்கேயே இருக்கும். மாட்டும்போது ரப்பர் வாஷர் மடங்காமல் உட்கார வேண்டும், இல்லையேல் சொட்டும். ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்காவிட்டால் பிளஞ்சர், அதாவது பிடி வைத்த ரப்பர் கிண்ணம். சின்க்கில் நான்கு அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். நிரம்பி வழியாமலிருக்க வைத்த ஓட்டையையும், இரட்டைச் சின்க் என்றால் மறு துளையையும் ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு பதினைந்து இருபது தடவை விசையாக அழுத்தி இழுங்கள். துளையை அடைக்காமல் செய்தால் விசையெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். அதற்கும் அசையாவிட்டால், ட்ராப்பைக் கழற்றிய நிலையில் சுவர்க் குழாய்க்குள் கால் அங்குல ஸ்பிரிங் கம்பி.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அடைப்பு. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து எடுத்துவிட்டுப் போகிறார். நிரந்தரத் தீர்வு இல்லையா?

பதில்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் குழாயில்தான் குறை. அடைப்பு எடுக்க ஆளைக் கூப்பிடுவதை விட்டு, ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பீங்கான் பூச்சுக் குழாய்கள் இரண்டு மூன்றடித் துண்டுகளாகச் சிமென்ட் வைத்துப் பூட்டப்பட்டவை. இரண்டு மூன்றடிக்கு ஒரு இணைப்பு என்பதால் வேர் நுழையவும் அத்தனை வழிகள். கட்டர் வைத்து வேரை அறுக்கலாம், ஆனால் திரும்ப முளைக்கும். வார்ப்பிரும்புக் குழாயில் உள்ளே துரு கட்டிகட்டியாக வளர்ந்து, நான்கு அங்குலக் குழாயின் வழி பாதியாகச் சுருங்கிவிடும். முடியும் துணி நாரும் அதில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, வாட்டக் குறை, அதாவது குழாயின் சரிவு போதாமல் போவது. நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலமும், ஆறு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலமும் நல்ல வாட்டம். மண் இறங்கி நடுவில் தொய்ந்திருந்தால் அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கிக் கசடு படியும். கேமரா திடீரென்று தண்ணீருக்குள் மூழ்கி, சில அடி தள்ளி வெளியே வந்தால் அதுதான் தொய்வு.

கேமராவுக்கு முன்னால் ஜெட்டிங்குக்கு (மிகுந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுப்பது) ஒத்துக்கொள்ளாதீர்கள். விரிசல் விட்ட குழாயை அந்த அழுத்தம் பிளந்துவிடும். குழாய்க்குள் ரெசின் உறை செலுத்தும் முறை, வடிவம் கெடாத குழாயின் விரிசலுக்கும் வேருக்கும் சரி; தொய்வைச் சரிசெய்யாது, உறையும் சேர்ந்தே தொய்ந்து கிடக்கும். தொய்வுக்குத் தோண்டி மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது பழைய குழாயையும் புது பிவிசியையும் சிமென்ட் வைத்துப் பூசவிடாமல், ஸ்டீல் கிளிப் போட்ட ரப்பர் கப்ளிங் கேளுங்கள். திருப்பங்களில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்ட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பெருமழை பெய்தால் மட்டும் கழிப்பறையில் தண்ணீர் ஏறுகிறது. மற்ற நாட்களில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

பதில்: மொட்டைமாடி மழைநீரை யாரோ ஒரு காலத்தில் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்த்துவிட்டிருப்பார்கள், பழைய வீடுகளில் சர்வ சாதாரணம். சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை மாடித் துளையில் ஊற்றிச் சேம்பரில் பாருங்கள். நிறம் தெரிந்தால் அதைப் பிரித்துவிடுங்கள்.

நிறம் தெரியாவிட்டால் தெருக் குழாய் நிரம்பி உங்கள் வீட்டுக்குள் எதிர்க்கிறது. அதற்கு, தண்ணீர் வெளியே மட்டும் போகவிடும் பேக்வாட்டர் வால்வு போடலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. ஆகவே கீழ்த்தளக் குழாய் மட்டும் அதன் வழியாகப் போகட்டும், மாடிக் குழாயை வால்வுக்கு அப்பால் சேருங்கள். இரண்டாவது, கதவின் விளிம்பில் ஒரு துணி நார் ஒட்டினாலும் அது முழுதாக மூடாது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது திறந்து துடைக்க வேண்டும்.

கேள்வி: செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி எதிர்க்கிறது.

பதில்: டேங்க் நிரம்புவது கோளாறு அல்ல, வெளியேறும் குழாய் மட்டம் வரை அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். வெளியேறும் குழாய்க்கு மேலே தண்ணீர் நின்றால் அந்தக் குழாயோ உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. எத்தனை முறை லாரி வந்தாலும் இதே கதைதான். மட்டம் சரியாக இருந்தும் வீட்டில் எதிர்த்தால், உள்ளே வரும் 'டீ' (T வடிவ) குழாயில், தண்ணீரின் மேல் ஏடுபோல் மிதக்கும் கழிவு அடைத்திருக்கும். கழியால் குத்திவிட்டாலே விட்டுவிடும்.

கேள்வி: பேக்கெட்டில் "ஃப்ளஷ் செய்யலாம்" என்று போட்ட ஈரத் துடைப்பான்களைப் போடலாமா?

பதில்: கூடாது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள், காலையில் முழுசாக எடுப்பீர்கள்.

கேள்வி: வீட்டுக்குள் பொங்கிய கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: ஈரத்தில் கால் வைக்காமலே அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள்; மெயின் பெட்டியே நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு கசடை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். 5 சதவீத பிளீச் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். மெத்தை, பஞ்சு, நனைந்த அட்டைப் பலகை ஆகியவற்றைத் தூக்கிப் போடுங்கள், உலர்த்திப் பயனில்லை. தரைத்தொட்டிக்குள் கழிவுநீர் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் மோட்டாரைப் போடாதீர்கள். போட்டால் மேல்தொட்டியும் குடிநீர்க் குழாய்களும் சேர்ந்து கெடும்.