மாடியை விட்டு இறங்காமல் நன்கொடை திரட்ட முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை திருநகரில் மாடி வீட்டில் இருக்கிறேன். மூட்டுத் தேய்மானத்தால் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. தெரிந்த முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பத்துக் கட்டில் வாங்கிக் கொடுக்க ஆசை. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போக முடியாத நான் என்ன செய்வது?

பதில்: போக முடியவில்லையே என்று வருந்தாதீர்கள், டீச்சர். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் பத்து ரூபாயும் "அப்புறம் வாங்க" என்ற பதிலும்தான் கிடைக்கும். நம் பக்கம் மொய் வைத்துப் பழகிய மண். யாருக்காக, எந்த நாளுக்காக என்று தெரிந்தால் தயங்காமல் கொடுப்பார்கள். அந்த இரண்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடிக்கலாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். உங்களிடம் படித்தவர்களுக்கு செட் வாரியாக வாட்ஸ்அப் குழு இருக்கும். செட்டுக்கு ஒருவரைப் பிடித்தால் போதும், மற்றவர்களை அவரே இழுத்து வருவார். பெயருக்கு எதிரே பிறந்தநாள், கல்யாண நாள், பெற்றோர் இறந்திருந்தால் அந்தத் திதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றுக்கும் ஒரு வாரம் முன்பே பேசிவிட வேண்டும். அன்றைக்குக் கூப்பிட்டால், அன்னதானத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பார்கள். கிறிஸ்தவ மாணவர்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். விரல் வலித்தால் டைப் செய்ய வேண்டாம். குரல் பதிவு அனுப்புங்கள். டீச்சர் குரலைக் கேட்டால் பாதிப் பேருக்கு மறுக்க மனம் வராது.

"ஏதாவது கொடுப்பா" என்று மட்டும் கேட்காதீர்கள். கடையில் கட்டிலுக்குக் கொட்டேஷன் வாங்கி, "அப்பா நினைவாக ஒரு கட்டில், இவ்வளவு ஆகும், நாலு பேர் சேர்ந்தும் கொடுக்கலாம்" என்று சொல்லுங்கள். டியூப் லைட்டில் வெளிச்சம் மறைய 'உபயம்' எழுதுகிறவர்கள் நாம், பெயர் போடச் சொல்லிக் கேட்பார்கள். கட்டிலில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. படுக்கிற பெரியவருக்கு அது உறுத்தும். வாசல் பக்கம் ஒரு பலகை போதும்.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. இல்லத்தின் கியூஆர் கோடையே அனுப்புங்கள். ரசீதும் அவர்களே கொடுக்கட்டும். பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது பின் நம்பர் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் 80ஜி சலுகை உண்டா என்று இல்லத்தில் முதலிலேயே கேளுங்கள். இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத இல்லம் அதை வாங்கக் கூடாது.

பரிசுச் சீட்டுக் குலுக்கல் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்றால் போலீஸ் கேட்காது. ஊறுகாய், இட்லிப்பொடி விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பத்துக் கட்டிலுக்காக அந்த அலைச்சல் தேவையில்லை.

துணிப்பை தைக்கலாமா என்றால், ஏற்கெனவே தையல் தெரிந்தால் மட்டும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் விசேஷ வீடுகளில் தாம்பூலப் பைக்கு ஆர்டர் கிடைக்கும். ஆனால் மிதிக்கிற மெஷின் உங்கள் முட்டியைக் கெடுத்துவிடும், மோட்டார் வைத்தது வேண்டும். அதைவிடப் பழைய பேப்பர் சுலபம். தெருவில் எல்லோரும் மாதம் ஒருமுறை உங்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகட்டும். பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்து எடுத்துப் போவார். பெரிய தொகை வராது. ஆனால் பேப்பர் வைக்க வருகிறவர்களில் சிலரின் பெயரும் உங்கள் நோட்டில் ஏறும்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன், உங்கள் மூலம் நிதி திரட்ட இல்லம் சம்மதிக்கிறது என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்கு உடனே அனுப்பிவிடலாம்.