பனிக்கட்டி மூடிய இன்சுலேட்டரும் காற்று மாசும்: கேள்வி பதில்

கேள்வி: பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் படித்தேன். அப்புறம் ஏன் மின்கம்பியை டவரில் தாங்கும் இன்சுலேட்டரைப் பனி மூடினால் ஃப்ளாஷ் ஓவர் (அதன் மேற்பரப்பு வழியே மின்சாரம் பாய்ந்துவிடுவது) ஆகிறது?

பதில்: படித்தது சரிதான். இறுகி உறைந்த பனிக்கட்டி லேசில் கடத்தாது. வேலையைக் காட்டுவது அதன் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்.

தண்ணீர் உறையும்போது பனிப்படிகம் உப்பைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். அதனால் ஓரளவே மாசுள்ள மழைநீர்கூட, உறைந்தபின் மேற்பரப்பில் கெட்டியான உப்புநீரை விட்டுவைக்கும். இதற்கிடையே பனி ஊசிகள் தொங்கி, இன்சுலேட்டர் சரத்தில் கோத்திருக்கும் வட்டத் தட்டுகளான டிஸ்க்குகளுக்கு இடையே பாலம் போட்டுவிடும். மின்சாரம் மேற்பரப்பில் எளிதில் கசியாதபடி மேடும் பள்ளமுமாக வளைத்து நீட்டிய கசிவுப் பாதை குறுகிவிடும். மின்புலம் அதிகமுள்ள லைன் பக்கத்தில், சூட்டினாலும் சிறு பொறிகளாலும் பெரும்பாலும் பனி இல்லாத இடைவெளி ஒன்று இருக்கும். மற்ற இடமெல்லாம் நீர்ப்படலம் கடத்துவதால், மின்னழுத்தத்தில் பெரும்பங்கு அந்த இடைவெளியில் வந்து விழும். அங்கே பிடிக்கும் தீப்பொறி பனியின் மேல் நீண்டு மறுமுனையைத் தொட்டால் லைன் டிரிப், அதாவது லைனில் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும்.

கேள்வி: மாசு எங்கிருந்து வருகிறது?

பதில்: கடல் உப்பு, தொழிற்சாலைப் புகையின் சல்ஃபேட், சிமென்ட் தூசி, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. ஒரு பகுதி முன்பே இன்சுலேட்டரில் படிந்திருக்கும். இன்னொரு பகுதி மழைத்துளியோடு வரும். சாலை உப்பைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வண்டிச் சக்கரம் கிளப்பும் சாரல் காற்றில் நல்ல தூரம் போகும்.

கேள்வி: கடுங்குளிர் இரவில்தானே ஆபத்து?

பதில்: இல்லை. இரவெல்லாம் சும்மா இருந்த லைன், காலையில் வெயில் ஏறி வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும்போது டிரிப் ஆகும். உருகத் தொடங்கும் நேரம்தான் மோசம்.

கேள்வி: 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் டவர்கள் சரிந்ததும் இதனால்தானா?

பதில்: அது வேறு கதை. அங்கே டவர்களைச் சாய்த்தது பனியின் எடை.

கேள்வி: சிலிக்கோன் பூச்சு உதவுமா?

பதில்: மாசும் ஈரமும் மட்டும் என்றால் நன்றாகவே உதவும். பனி முழுக்க மூடிவிட்டால், நீரை ஒட்டவிடாத அந்தக் குணம் அடியில் மாட்டிக்கொள்ளும். நான் முதலில் பார்ப்பது டிஸ்க் அமைப்பை. நடுநடுவே அகலமான டிஸ்க் வைத்தால் பனி ஊசிகள் தொடர்ச்சியாக இணைவது கடினம். சரத்தை வி வடிவில் தொங்கவிடலாம். உருகும் நீர் சரத்தின் வழியே வழியாமல் விலகிச் சொட்டும். குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை கழுவிவிடுவதும் நல்லது. ஆனால் மாசு மழையிலேயே வரும் இடத்தில் அதனால் பெரிய பலன் இருக்காது.